எட்டாவது நாடி

ராமகிருஷ்ணன் மேல் விழுந்த குற்றச்சாட்டு, அவர் ஆரோக்கியமாக இருக்கிறார் என்பதுதான்.

அதிலிருந்து தன்னைக் காப்பாற்றச் சொல்லி, சனிக்கிழமை காலை ரந்தாவ் கடைத்தெருவில் எல்சியின் அலுவலகத்துக்கு மாடிப்படி ஏறி வந்தார். பாதிப் படியில் நின்று, சுவரில் தொங்கிய போன வருடத்துக் காலண்டரை வெகுநேரம் பார்த்துவிட்டு மீதிப் படியை ஏறினார்.

எல்சி இருபது வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மூன்று பேரை உயிரோடு கண்டுபிடித்தவர். அதில் ஒருவர் சொந்தக் கருமாதியிலேயே சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தார். அந்த அனுபவத்தை நம்பித்தான் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அவருக்கு உதவியாளன் சித்திக். கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக்கடை சித்திக்கின் மனைவி ஹஃபீஸாவுடையது. கடையில் ரொட்டி போடுவதைவிட மாடியில் துப்பறிவது சுலபம் என்பதுதான் இதுவரை அவன் தானாகக் கண்டுபிடித்த ஒரே உண்மை.

ராமகிருஷ்ணன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பெடாஸ் போகும் வழியில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ஏழு ஜாகாக்கள் காவல் காக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் இவர். ஆண்டுக்கொரு முறை பாதுகாவலர்கள் எல்லாரும் தோட்டத்துத் திடலைச் சுற்றி ஓடிக் காட்ட வேண்டும். போன வருடம் வேறு ஏதோ தோட்டத்தில் ஒருவர் ஓடும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் செய்தியைக் கேட்ட இந்தத் தோட்டத்து நிர்வாகத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வருடம் ஓட்டத்துக்கு முன்னால் எல்லாருடைய இருதயத்துக்கும் என்ன ஆபத்து இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நீலாய் மருத்துவமனையிலிருந்து ஒரு மிஸி, அதாவது தாதி, வந்து, நேற்று மண்டபத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, நாடி பார்த்து, வரிசையாகக் கேள்விகளும் கேட்டார்.

ஏழு ஜாகாக்களுக்கும் அழுத்தம் கூரையைத் தொட்டது. வாரம் தவறாமல் பந்து விளையாடும் இளைஞனுக்குக்கூட. ஏழு பேருக்கும் சிவப்பு அட்டை. ராமகிருஷ்ணன் ஒருவருக்கு மட்டும் பச்சை.

சிவப்பு அட்டைக்காரன் ஓடக்கூடாது. ஓடாதவன் வேலைக்குத் தகுதியில்லாதவன். காவல் வேலையை வெளியூர் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கத் தொடங்கிவிட்டது. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். துணை நிர்வாகி டேரன் இரக்கப்பட்டு, இன்று பிற்பகல் மறுபடி ஒரு சோதனை, தேறினால் மாலையே ஓட்டம் என்று ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்திருந்தார்.

இதற்குள் ஜாகாக்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தான் மட்டும் தப்பிக்கத் தலைவர் ஏதோ செய்துவிட்டார். என்ன செய்தார் என்பதில் ஆளுக்கொரு கருத்து. செய்தார் என்பதில் ஒற்றுமை.

“எனக்குப் பேர் முக்கியம் மேடம்,” என்றார் ராமகிருஷ்ணன். “இருபத்தஞ்சு வருசமா இந்த யூனிபார்ம போட்டிருக்கேன். நான் எதுவும் செய்யலன்னு நீங்க நிரூபிக்கணும்.”

சித்திக் அவருக்கு ஆறுதல் சொன்னான். “கவலப்படாதீங்கண்ணே. நல்லா இருக்கேன்னு ஒருத்தர் மாட்டிக்கிட்டு நாங்க பாத்ததில்ல. சட்டத்துல இதுக்குத் தண்டனையே இருக்காது.”

---

மண்டபத்தில் அவர்களுக்காக நல்லசாமி காத்திருந்தார். ஜாகாக்களில் மூத்தவர், உடம்பிலும் பெரியவர். குற்றம் சாட்டும் வேலையை அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள். முதலில் குடிக்கக் கொடுத்ததில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்றார். எல்சி விசாரித்தார். நேற்று காலை யாரும் எதையும் சாப்பிடக்கூடாது என்று மிஸி சொல்லியிருந்ததால், எல்லாரும் குடித்தது மூடி திறக்காத போத்தல் தண்ணீர். அப்படியானால் மெஷினில் கோளாறு என்றார் நல்லசாமி. மிஸி டான்யா அதே மெஷினை எல்சியின் கையில் கட்டினார். சரியாக இருந்தது. சித்திக்கின் கையில் கட்டினார். அதைவிடச் சரியாக இருந்தது. உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாத மனிதனின் ரத்த அழுத்தம் என்று டான்யா வியந்தார்.

கடைசியாக நல்லசாமி குரலைத் தாழ்த்தி, மேசைக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்ததாகச் சொன்னார். யாரோ மந்திரித்துப் போட்டிருக்கிறார்கள். பழம் எங்கே என்று எல்சி கேட்டார். பயந்துபோய்ப் பிழிந்து குடித்துவிட்டதாக நல்லசாமி ஒப்புக்கொண்டார்.

“தடயத்த சாப்பிட்டுட்டு சாட்சி சொல்ற மொதல் ஆளு நீங்கதான்,” என்றான் சித்திக்.

எல்சி மண்டபத்தைச் சுற்றி நடந்தார். நடுவில் ஒரு நீலத் துணித் திரை குறுக்காகக் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் மிஸியின் மேசையும் இரண்டு நாற்காலிகளும். மேலே ஒரு மின்விசிறி, டிராக்டர் போலச் சத்தம் போட்டது. அதன் கீழே உட்கார்ந்து பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். எல்சி திரையை விலக்கி அந்தப் பக்கம் போனார். அங்கே சுவரோரம் வரிசையாக இருக்க வேண்டிய நாற்காலிகள் இடம் மாறி, திரையை முட்டிக்கொண்டு நின்றன. சிமெண்டுத் தரையில் அவற்றை இழுத்த கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு நாற்காலியின் கீழும் குவாச்சித் தோல் குவிந்து கிடந்தது. பொழுதுபோக்குக்குக் கொறிக்கும் அந்த விதையைப் படம் பார்க்கப் போகிறவர்கள்தான் அவ்வளவு வாங்குவார்கள்.

முதல் நாற்காலியின் கீழே மட்டும் ஒரு தோல்கூட இல்லை. அதன் மேல் பிரிக்காத குவாச்சிப் பொட்டலம் ஒன்று கசங்கிக் கிடந்தது.

“சித்திக், இங்க என்ன நடந்திருக்கு?”

“சினிமா நடந்திருக்குக்கா. திரை கூட இருக்கு.”

எல்சி தலையாட்டினார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து ஹஃபீஸாவை அழைத்து, பாதுகாவலர்களுக்குப் பகல் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வேண்டும், தானே கொண்டுவந்து கொடுத்தால் நல்லது என்று சொன்னார். சித்திக்குக்கு அது கேட்கவில்லை. அவன் நல்லசாமியிடம் எலுமிச்சம்பழத்தின் ருசியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான்.

---

நண்பகலில் எல்சி ஒரு பரிசோதனை செய்யப்போவதாக அறிவித்தார். சித்திக் நோயாளியின் நாற்காலியில் உட்கார வேண்டும். நேற்றுக் கேட்ட அதே கேள்விகளை டான்யா அதே மாதிரி கேட்க வேண்டும். சித்திக் சந்தோஷமாகச் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்தான். டான்யா பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினார். விசிறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேள்விகளைக் கேட்டார். வேகமாக நடந்தால் நெஞ்சு வலிக்குமா, தலை சுற்றுமா, அப்பா அம்மாவுக்கு இருதய நோய் உண்டா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா. சித்திக்கும் கத்தியே பதில் சொன்னான். அழுத்தம் அசையவில்லை.

அப்போது வெளியே ஒரு கார் வந்து நின்றது. யாரோ பின்வாசல் வழியாக வந்து திரைக்கு அந்தப் பக்கம் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். திரைக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு மட்டும் தெரிந்தது. சிவப்பு நிறம், ஓரத்தில் பாசிமணி.

சித்திக் அந்தச் செருப்பைப் பார்த்தான். போன ஹரிராயாப் பெருநாளுக்கு அவனே வாங்கிக் கொடுத்தது.

“சிகரெட் பிடிக்கிறீங்களா?” என்று டான்யா கத்தினார்.

சித்திக் மறுபடி செருப்பைப் பார்த்தான். நோன்பு மாதத்தோடு சிகரெட்டை விட்டுவிட்டதாகக் குரான் இருக்கும் அலமாரிக்கு முன்னால் நின்று சொன்னவன் அவன். காலையில் வேனில் இரண்டு முடித்திருந்தான். “இல்ல மிஸி,” என்றான். குரல் கத்தவில்லை, கீச்சிட்டது. மெஷின் இறுக்கியது, தளர்ந்தது, மறுபடி இறுக்கியது, பிறகு விடாமல் பீப் பீப் என்று கூவத் தொடங்கியது.

டான்யா எண்ணைப் பார்த்துவிட்டு இவரை உடனே படுக்க வைக்க வேண்டும் என்றார்.

“மெஷின் கெட்டுப்போச்சுக்கா,” என்றான் சித்திக்.

திரைக்குப் பின்னாலிருந்து ஹஃபீஸாவின் குரல் அமைதியாக வந்தது. “கழட்டாதீங்க மிஸி. இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க.”

விஷயம் அவ்வளவுதான். நேற்று இலவசமாக ரத்தத்தில் சீனி அளவு பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தோட்டத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கச் சொன்னார்கள். விசிறிச் சத்தத்துக்கு மேலே கத்தியதால் இந்தப் பக்கக் கேள்வியும் பதிலும் முழுசாகக் கேட்டன. முதல் பதிலைக் கேட்டதுமே நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. இரண்டாவது பதிலுக்குள் யாரோ குவாச்சி வாங்கிவர ஒட்டுக்கடைக்குப் போனார்கள். ஒவ்வொரு ஜாகாவும் தன் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே, வாரத்துக்கு எத்தனை நாள் குடிக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணமாகாத இளைஞனுக்காக அவன் அம்மா வந்திருந்தார்.

எல்சி இதை விளக்கியபோது நல்லசாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்சுச் சாராயம் குடிப்பதே இல்லை என்று தான் சொன்னபோது திரைக்குப் பின்னாலிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வந்ததாகவும், அதன் பிறகு என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்றே நினைவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார்.

டான்யா வெட்கப்பட்டார். இப்படி நாலு பேர் காதில் விழக் கேட்டது தன் தவறு என்றார். பிற்பகலில் பெண்கள் எல்லாரையும் கோயில் பக்கம் அனுப்பிவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து மெதுவாகக் கேட்டார். ஆண்கள் உண்மையைச் சொன்னார்கள். வியர்த்து ஊற்றியது, ஆனால் அழுத்தம் இறங்கிவிட்டது. நல்லசாமிக்குக்கூட எச்சரிக்கையோடு பச்சை அட்டை கிடைத்தது. முந்தின நாளே பச்சை வாங்கிவிட்ட ராமகிருஷ்ணனை மறுபடி சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏழு பேரும் அவரிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். மறைக்க ஒன்றும் இல்லாத உத்தமர் என்பதால்தான் தலைவருக்கு அழுத்தம் ஏறவில்லை என்று நல்லசாமியே சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராமகிருஷ்ணன் சிரித்தார். எல்லாரும் காலணி மாட்டத் திடலுக்குப் போனார்கள்.

வழக்கு முடிந்தது என்று சித்திக் மகிழ்ந்தான். அவனுக்கு வீட்டில் புதிய வழக்கு ஒன்று தொடங்கியிருந்ததால், இதைச் சற்று நீட்டித்தாலும் பரவாயில்லை என்றும் நினைத்தான்.

---

டான்யா மெஷினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது எல்சி அந்த முதல் நாற்காலியைப் பற்றிக் கேட்டார். எல்லாரும் குவாச்சி கொறித்திருக்கிறார்கள். அந்த நாற்காலிக்காரர் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. யார் அது?

அது தலைவரின் மனைவி மங்கம்மா என்றார் டான்யா. மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கணவர் சொன்ன ஒவ்வொரு பதிலையும் கேட்டார் என்று பிறகு சீனி பார்க்க வந்த பெண்கள் சொன்னார்களாம். சிகரெட் பிடிப்பதில்லை என்று தலைவர் சொன்னபோது மங்கம்மா இருமியதுகூடத் தனக்குக் கேட்டது.

எல்சி சித்திக்கைப் பார்த்தார். “அவரு பிடிப்பாரா?”

“தராசு மேடைக்குப் பின்னால நின்னு தெனமும் பிடிப்பாராம். நல்லசாமியண்ணன்தான் சொன்னாரு. தோட்டத்துக்கே தெரியுமாம்.”

எல்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப அவரும் பொய் சொல்லியிருக்காரு. மத்தவங்களுக்கு வந்த மாதிரி இவரு சம்சாரமும் வந்திருக்கு. அதுவும் மொத நாற்காலி. இவருக்கு மட்டும் ஏன் நெஞ்சு அடிச்சுக்கல?”

சித்திக் யோசித்தான். “நெறைய அனுபவம் இருக்கும்கா.”

“உனக்கு அனுபவம் இல்லையா?”

எல்சி டான்யாவிடம் அவருடைய நாடி எப்படி இருந்தது என்று கேட்டார். தூங்குகிற மனிதனின் நாடி போல நிதானமாக இருந்தது, அதனால்தான் ரொம்ப நல்ல உடம்பு என்று எழுதினேன் என்று டான்யா சொன்னார். சொல்லும்போதே அவர் கை பெட்டியின் மேல் நின்றுவிட்டது. இருதயத்தை வேகமாகத் துடிக்கவிடாமல் பிடித்துவைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அதைச் சாப்பிடுகிறவருக்குப் பயம் வந்தாலும் நாடியும் சரி, அழுத்தமும் சரி, அவ்வளவாக ஏறாது. அந்த மாத்திரையைப் பெரும்பாலும் யார் சாப்பிடுவார்கள் என்று எல்சி கேட்கவில்லை. காலையில் அலுவலகப் படியின் பாதியில் நின்று, பழைய காலண்டரைப் படித்த மனிதர் அவர் கண் முன்னால் நின்றார்.

ஏழு பேர் ஓடக்கூடாது என்று தடுத்த சோதனை, ஓடவே கூடாத எட்டாவது ஆளுக்குப் பச்சைக்கொடி காட்டியிருந்தது.

திடல் மண்டபத்திலிருந்து ஓடிப்போய் எட்ட முடியாத தூரத்தில் இருந்தது. சித்திக் வேனைக் கிளப்பினான். டான்யா மெஷின் பெட்டியோடு பின்னால் தாவி ஏறினார். திடலுக்குள் வண்டி போகிற வழி சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பாதுகாவல் நன்றாக இருக்கிற தோட்டம். சித்திக் செம்பனை வரிசைக்குள் புகுந்து, வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கி ஏற்றி, கோல் கம்பங்களுக்கு நடுவே வேனை ஓட்டி வந்து, ஓடத் தயாராகக் கோட்டில் நின்ற எட்டுப் பேருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். ஏழு பேர் சிதறி ஓடினார்கள். விசில் ஊதக் காத்திருந்த டேரன் விசிலை விழுங்கப் பார்த்தார்.

எல்சி இறங்கி முதலில் நல்லசாமியின் மணிக்கட்டைப் பிடித்தார். அது தவில் வாசித்தது. பிறகு ராமகிருஷ்ணனின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வியர்வை பூத்திருந்தது, நாடி மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போல நிதானமாக நடந்தது.

அவரை வேனுக்குப் பின்னால் கூட்டிப்போய் எப்போதிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். ராமகிருஷ்ணன் மறுக்கவில்லை. போன வருடம் கோலாலம்பூரில் மூன்று நாள் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனது பயிற்சி இல்லை என்றார். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் தெரியாது, தோட்டத்துக்கும் தெரியாது.

“ஓடினா உங்களுக்கு என்ன ஆகும்னு யாராவது சொன்னாங்களா?”

“டாக்டர்கிட்ட கேக்கல மேடம். கேட்டா வேணாம்னு சொல்லுவாரு.” அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே பேசினார். “நெஞ்சு வியாதிக்காரன யாரு காவலுக்கு வைப்பா? எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்ணுதான். மெதுவா ஓடி முடிச்சுருவேன். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

எல்சி சொல்லமாட்டேன் என்றார். ஆனால் அவரை ஓடவும் விடமாட்டேன் என்றார். உண்மையைச் சொல்வது அவர் பொறுப்பு. ராமகிருஷ்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேனைச் சுற்றி வந்து, டேரன் முன்னால் விறைப்பாக நின்றார்.

“சார், இந்த ஓட்டத்துல கலந்துக்க எனக்குத் தகுதியில்ல,” என்றார். “நேத்து நடந்த சதிக்கு நான்தான் காரணம். மெஷின முறுக்கி வச்சது நான்தான்.”

காலையில் தன் மேல் களங்கமில்லை என்று நிரூபிக்கச் சொல்லித் துப்பறிவாளரை அமர்த்தியவர், நோயாளி என்று பெயர் எடுப்பதற்குப் பதில் குற்றவாளி என்று பெயர் எடுக்கத் துணிந்துவிட்டார். நல்லசாமிக்குக் கோபப்படுவதா, தான் முதலிலேயே சொன்னது சரியாகிவிட்டதே என்று பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. டேரன் போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்குமோ என்று முணுமுணுத்தார்.

எல்சி தன் தொழிலில் எத்தனையோ குற்றங்களை நிரூபித்திருக்கிறார். வாடிக்கையாளர் செய்யாத குற்றத்தை அவர் வாயிலிருந்தே பிடுங்க வேண்டியிருந்தது இதுதான் முதல் தடவை. “எங்க முறுக்கினீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“பக்கத்துல ஒரு திருகு இருக்கும்ல, அதுல.”

சித்திக் வேனிலிருந்து மெஷினை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தான். “அண்ணே, நல்லா தேடிப் பாருங்க. இதுல முறுக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு பொத்தான்தான்.”

ராமகிருஷ்ணன் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் வேன் பாய்ந்த சத்தம் கேட்டுக் கோயில் பக்கமிருந்து பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒல்லியான ஒரு பெண் முன்னால் வந்து நின்றார். மங்கம்மா. நேராகக் கணவரிடம் போனார். மாதாமாதம் ஆபீஸ் கூட்டம் என்று சொல்லிவிட்டுச் சிரம்பானுக்குப் போகிறார். தலைவர்களுக்கு அப்படி ஒரு கூட்டமே கிடையாது என்று அடுத்த தோட்டத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டாயிற்று. நேற்று மண்டபத்தில் உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு பதிலில் அவர் வாய் தவறுமா என்று கேட்கத்தான். இதையெல்லாம் எல்லார் முன்னாலும், குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்தார்.

“சிரம்பான்ல யாரு?” என்றார் மங்கம்மா.

ராமகிருஷ்ணன் மெஷினைப் பார்த்தார், டேரனைப் பார்த்தார், கடைசியாக எல்சியைப் பார்த்தார். எல்சி உதவவில்லை.

“டாக்டர்,” என்றார்.

“பொம்பள டாக்டரா?”

“ஆம்பள. வழுக்க.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் சொன்னார். செம்பனைத் தோப்பில் நடக்கும்போது வந்த வலி, பயிற்சி என்று போனது, ஸ்டென்ட், கழிவறைத் தொட்டிக்கு மேலே ஒளித்து வைத்திருக்கும் மாத்திரை, எல்லாம்.

இவர் இனி வேலை செய்யலாமா என்று டேரன் முதலில் டான்யாவிடம் கேட்டார். ஸ்டென்ட் வைத்தவர்கள் வேலை செய்யவே கூடாது என்று எந்த விதியும் இல்லை என்றார் டான்யா. அவருடைய டாக்டர் பார்த்து எவ்வளவு தாங்கும் என்று சொல்ல வேண்டும். அதுவரை ஓடக்கூடாது, சிகரெட்டைத் தொடக்கூடாது. டேரன் ஒதுங்கிப்போய்ப் பெரிய நிர்வாகியிடம் தொலைபேசியில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, தன்னால் இப்போது எந்த வாக்கும் கொடுக்க முடியாது, ஆனால் டாக்டர் சொல்லும் வரை தலைவர் தலைவராகவே இருப்பார் என்றார். நல்லசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தலைவர் இல்லாத அணி எதற்கு ஓட வேண்டும் என்று ஆரம்பித்தார். இந்தச் சாக்கில் ஓட்டமே நின்றுவிடாதா என்ற நப்பாசை அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. டேரன் விசிலை ஊதினார். ஏழு பேரும் ஓடினார்கள். முதல் வளைவிலேயே நல்லசாமி நடக்கத் தொடங்கினார், ஆனால் நடந்தே முடித்தார்.

சிரம்பான் டாக்டர், வேகமாக நடக்கலாம், ஓட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும், அவர் வயதுக்காரர்களுக்கு இனி ஓட்டத்துக்குப் பதில் நடை என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டதும், ராமகிருஷ்ணன் அதே சீருடையில் அதே வாசலில் நிற்பதும் பிற்பாடு வந்த செய்திகள்.

அன்று மாலை ஜாகாக்கள் திடலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மங்கம்மா கணவர் பக்கத்தில் நின்றார். கணவரைத் திட்டுவார் என்று பெண்கள் எதிர்பார்த்தார்கள். ஒருத்தி மடியிலிருந்த குவாச்சிப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடத் தொடங்கினாள். மங்கம்மா அவரைப் புல்லில் உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்தார். மங்கம்மாவும் எதிரே மண்டியிட்டு, அவருடைய காலணிக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். ஓட்டத்தில் அவிழ்ந்துவிடக்கூடாது என்று ராமகிருஷ்ணன் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார். நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது.

“ஆஸ்பத்திரியில அந்த மூணு நாளும் பக்கத்துல யாரு இருந்தா?” என்று முடிச்சைப் பார்த்தபடியே கேட்டார்.

“யாருமில்ல.”

மங்கம்மா இரண்டு காலணிகளையும் கழற்றி, கயிறுகளைச் சேர்த்துக் கட்டித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.